வெள்ளைத் துணி காயுது, இறங்கி வா

போன மாதம் டொரோன்டோவுக்குப் பக்கத்தில் மார்க்கம் நகரில் ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருந்தோம். சாப்பாடு முடிந்து டிஜே பாட்டுப் போடத் தொடங்கினார். நடுவில் ஒரு இத்தாலியப் பாட்டு வந்தது. அந்தக் காலத்தில் மலையில் ஒளித்திருந்து சண்டை பிடித்தவர்களின் பாட்டாம். இப்போது போனிலும் டிவியிலும் வந்து பிள்ளைகளுக்கெல்லாம் மனப்பாடம். வேட்டி கட்டின பெடியளும் சாறி உடுத்த பெட்டையளும் கை தட்டித் துள்ளினார்கள். என் மேசையில் சுதன் இருந்தான். தரைவேலை செய்கிறவன், நான் பென்ஷன் எடுக்க முதல் கடைசி நாலு வருடம் என்னோடு நின்றவன். சாய்ந்து என் காதுக்குள் கேட்டான்.

"அங்கிள், நீங்கள் வேலையிலை பாடுறதும் உந்த வகைப் பாட்டுத்தானே?"

"வகை அதுதான். பாட்டு வேறை."

"உண்மையிலை அதுக்கு என்ன அர்த்தம்?"

"அடியெடுத்து வை, ஒரு பிடி எறி. அதுதான் அர்த்தம்."

அவன் சிரித்தான். நான் பகிடி விடவில்லை. மூன்று வருடம் அதுதான் அர்த்தம் என்று நினைத்துக்கொண்டு பாடியவன் நான். மிச்சக் கதையைச் சொல்ல, "உதை எழுதித் தாங்கோ அங்கிள், எங்கடை சங்கத்துப் புத்தகத்திலை போடுவம்" என்றான்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்துப்பிழைக்குச் சிரிப்பார்களோ, யாராவது இத்தாலியர் கோபிப்பார்களோ, பழைய இமிகிரேசன் பைலைத் திரும்பக் கிளறுவார்களோ என்று இரண்டு கிழமை யோசித்தேன். மனைவி பத்மா சொன்னா: "உங்களுக்கு யோசிக்க ஒண்டும் கிடைக்காட்டி, ஏன் ஒண்டும் கிடைக்கேல்லை எண்டு யோசிப்பியள். கொப்பியை எடுத்து எழுதுங்கோ." எடுத்துவிட்டேன்.

கனடாவுக்கு வந்த கதை எல்லோருக்கும் ஒன்றுதான், அதை விடுகிறேன். கோப்பை கழுவினேன், கோழித் தொழிற்சாலையில் நின்றேன், ஒபிஸ் கூட்டினேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருவர் கைகாட்டி, டெராஸோ தரை போடுகிற ஒரு இத்தாலியக் கொம்பனியில் கூலியாளாகச் சேர்ந்தேன். டெராஸோ என்றால் ஊரிலே மொசைக் தரை என்போமே, பெரிய பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரிகளில் பளபளவென்று புள்ளி புள்ளியாகக் கிடக்குமே, அதுதான்.

எங்கள் ஃபோர்மன் சில்வானோ. அப்போது அவருக்கு அறுபதுக்குக் கொஞ்சம் குறைவு. ஆள் கட்டை. தூசிக்குள் வேலை செய்தாலும் ஸ்திரி போட்ட சேட்டுத்தான், கழுத்துப் பொத்தானும் பூட்டியிருக்கும். மத்தியானம் வாளியைக் கவிழ்த்து, அதற்கு மேலே கட்டம் போட்ட துணி விரித்து, பாணை வெட்டிச் சாப்பிடுவார். கத்தமாட்டார், ஏசமாட்டார். யாராவது பிழை விட்டால் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, செத்தவீட்டில் நிற்கிற மாதிரித் தரையைப் பார்த்தபடி நிற்பார். அவ்வளவுதான். அதைவிட இரண்டு அறை தந்தால் பரவாயில்லை என்று இருக்கும். அவருக்கும் எனக்கும் இங்கிலிஷ் இரவல். அவர் சொன்னதையெல்லாம் நான் இங்கே எங்கடை தமிழில்தான் எழுதுகிறேன்.

வேலை முறையையும் சொல்லவேணும், இல்லாவிட்டால் பாட்டு விளங்காது. முதலில் மணலும் சீமெந்தும் சேர்த்து ஒரு படுக்கை. அது இறுக முதல் பித்தளைப் பட்டிகளை நிறுத்திச் சதுரம் சதுரமாகப் பிரிப்போம். சதுரத்துக்குள் சீமெந்தும் மாபிள் கல்லுத்துண்டும் கலந்த கலவையை ஊற்றி இழுக்கவேணும். அதோடு முடியாது. கல்லு கொஞ்சம் கீழே தாழ்ந்துவிடும், மேலே சீமெந்துதான் தெரியும். அதனால் ஈரம் காய முதல், பலகையில் ஏறி நின்று கையால் கல்லு எறியவேணும். வயலில் நெல் விதைக்கிற மாதிரி. இத்தாலியரும் அதை விதைக்கிறது என்றுதான் சொல்லுகிறார்கள். பிறகு பாரமான உருளையை உருட்டிக் கல்லை அமத்தி, ஒரு கிழமை இறுகவிட்டு, தண்ணீர் ஊற்றி மெசினால் அரைத்தால் புள்ளி தெளிந்து வரும்.

இதில் விதைப்புத்தான் சூட்சுமம். ஒரு இடத்தில் கூட விழுந்தால் கொப்புளம், குறைய விழுந்தால் சொட்டை. எறிகிற நேரம் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் சீமெந்துச் சேறு. அரைத்த பிறகுதான் தெரியும். அதற்குத்தான் சில்வானோ பாடுவார். பாட்டில் ஒரு அடிக்குக் காலால் ஒரு எட்டு, அடி முடியிற இடத்தில் ஒரு பிடி கல்லு. பாட்டு ஓடுகிற வேகத்தில் ஓடினால் தரை முழுக்க ஒரே அளவாக விழும்.

அவரிடம் இரண்டு பாட்டு இருந்தது. விதைக்கிறதுக்கு ஒரு துள்ளல் பாட்டு. அரைக்கிற மெசின் போடுகிற நேரம் இன்னொன்று. மெசின் போடுகிற சத்தத்தில் அது என்ன பாட்டென்று கூட எனக்குக் கேட்டதில்லை, வாய் அசைகிறது மட்டும் தெரியும். விதைக்கிற பாட்டை நான் தமிழ் எழுத்தில் சாப்பாட்டுப் பெட்டி மூடியின் உட்பக்கம் எழுதிப் பாடமாக்கினேன். புட்டுச் சாப்பிடுகிற நேரம் இத்தாலியன் படித்த ஆள் டொரோன்டோவில் நான் ஒருவனாகத்தான் இருக்கும். நான் பாடுகிறதைக் கேட்டால் சில்வானோ முகம் மலர்ந்து, "நல்லது சிவா, உன்ரை கை பாடுது" என்பார். என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. கல்லுக்கும் சீமெந்துக்கும் பாடுகிற பாட்டு, வேறு என்ன இருக்கப்போகிறது.

அந்த நேரம் பத்மாவும் மகளும் கொழும்பில் ஒரு அறையில் இருந்தார்கள். நான் வெளிக்கிடும்போது மகள் கைக்குழந்தை, இப்போது போனில் என்னோடு சண்டை பிடிக்கிற வயது. ஸ்பொன்சர் பண்ணிவிட்டேன், ஆனால் ஃபோம் நிரப்பித் தந்தவர், நிரந்தர வேலை என்று கடிதம் வைத்தால்தான் கெதியாக நகரும் என்றார். நானோ கூப்பிட்டால் போகிற கூலி. முதலாளியிடம் கேட்டேன். "சில்வானோ சொன்னால் நிரந்தரம்" என்றார். சில்வானோவிடம் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, அடுத்து வருகிற வேலை ஒரு இத்தாலிய முதியோர் கழகத்தின் நடன மண்டபம், அதில் மேடைக்கு முன்னாலே மூன்று சதுரத்தை நான் தனிய விதைக்கவேணும் என்றார். "அது வடிவாய் வந்தால் கடிதம்." அதாவது என் குடும்பம் வந்து சேருவது மூன்று சதுரத்தில் நின்றது.

விதைக்கிற நாளுக்கு முதல் நாள் பின்னேரம், டோர்செட் பார்க் என்கிற பகுதியில் நாங்கள் ஆறு பேர் இருந்த அப்பார்ட்மென்டில் நான் குளித்துக்கொண்டு பாடினேன். வெளியே வர, தவம் அண்ணை கதவடியில் நின்றார். ஊரில் கச்சேரி என்கிற அரசாங்க ஒபிசில் கிளார்க்காக இருந்தவர், இங்கே மிசிசாகாவில் ஒரு பொதிசெய்கிற தொழிற்சாலையில் வேலை. எங்கள் ஆறு பேருக்கும் அவர்தான் சட்டம், அவர்தான் வானிலை.

"சிவராசா, உமக்கு உந்தப் பாட்டு ஆர் சொல்லித்தந்தது?"

"எங்கடை ஃபோர்மன் அண்ணை. சீமெந்துப் பாட்டு."

"சீமெந்தோ? நீர் பாடுறதைக் கேட்டுக் கேட்டு நான் வேலையிலை முணுமுணுத்தனான். என்னோடை நிக்கிற இத்தாலியன் கிழவன் பெட்டியைக் கீழை போட்டுட்டு வந்து என்ரை கையைப் பிடிச்சுக் குலுக்கிறான். உது துவக்கோடை மலையிலை நிண்டு சுட்ட பெடியளின்ரை பாட்டாம்."

எனக்குத் தலை ஈரத்தோடு வியர்த்தது.

"ஸ்பொன்சர் பைல் ஓடேக்கை துவக்குப் பாட்டுப் பாடுறீரோ? உதை ஆரும் எழுதிப் போட்டால்? 'இயக்கப் பாட்டுப் பாடுறார்' எண்டு ஒரு வரி காணும். அவன் எந்த நாட்டு இயக்கம் எண்டு பாப்பானோ?"

மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரில் இயக்கத்துப் பெடியள் வான் வண்டிக் கூரையில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு வருவார்கள். பாட்டும் நல்ல பாட்டுத்தான், கேட்டால் மயிர் சிலிர்க்கும். ஆனால் எங்கள் தெரு ஒழுங்கையால் அந்தப் பாட்டுப் போனால், இரண்டு நாளில் ஏதாவது ஒரு வீட்டில் சாப்பாட்டுக் கோப்பை ஒன்று குறையும். எந்தப் பக்கத்துத் துவக்கென்றாலும் பாட்டென்றாலும் எனக்குப் பயம். அதைவிட்டு ஓடி வந்தவன், கனடாவில் மூன்று வருடமாக இன்னொரு நாட்டுத் துவக்குப் பாட்டை, அதுவும் சத்தம் போட்டு, ஸ்கூல், ஆஸ்பத்திரி எல்லா இடமும் பாடியிருக்கிறேன். சாப்பாட்டுப் பெட்டி மூடியை அன்றைக்கே தேய்த்துக் கழுவினேன்.

அடுத்த நாள் மண்டபத்தில் என் மூன்று சதுரமும் காத்துக்கொண்டிருந்தன. சில்வானோ வாசல் பக்கம் கலவை மெசினடியில் நின்றார். அந்தச் சத்தத்தில் நான் பாடுகிறேனா இல்லையா என்று அவருக்குத் தெரியாது. நான் பலகையில் ஏறி, வாயை இறுக்கி மூடிக்கொண்டு, மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி எறிந்தேன். எண்ணிக்கை நல்லாகத்தான் போனது. இடையில் பைல் வந்தது. பத்மா வந்தா. இமிகிரேசன்காரன் வந்தான். திரும்ப ஒன்றிலிருந்து எண்ணினேன். எத்தனை தரம் ஒன்றிலிருந்து தொடங்கினேன் என்று எனக்கே தெரியாது.

ஒரு கிழமை கழித்து அரைத்தோம். மண்டபம் முழுக்க எள்ளுப் பாகு மாதிரி ஒரே சீராகப் புள்ளி. மேடைக்கு முன்னாலே என் மூன்று சதுரமும் சொறி பிடித்த நாய் மாதிரிக் கிடந்தன. ஒரு பக்கம் கல்லு குவிந்து கிடக்கிறது, ஒரு பக்கம் வெறும் சீமெந்து.

சில்வானோ மெசினை நிற்பாட்டினார். தொப்பியைக் கழற்றினார்.

கொழும்பு அறையும் அதன் ஒற்றை யன்னலும் கண்ணுக்குள் வந்தன. பிறகு அவர் கேட்டது ஒரே கேள்வி.

"நீ ஏன் பாடேல்லை?"

தரையைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். பொய் சொல்ல எனக்குத் தைரியமும் இல்லை, இங்கிலிஷும் இல்லை. தவம் அண்ணை, துவக்கு, வான், ஸ்பீக்கர், பைல் எல்லாவற்றையும் கையாலும் வாயாலும் சொல்லி முடித்தேன். அவர் தொப்பியைத் திரும்பப் போட்டார். வாளியைக் கவிழ்த்துக் கட்டத்துணியை விரித்தார். சாப்பாட்டு நேரமே இல்லை.

"இரு," என்றார். "பாட்டிலை துவக்கே இல்லை. நீ உன்ரை சினேகிதனுக்குச் சொல்லு. உடுப்புத் தோய்க்கிற பாட்டு அது."

அவர் ஊர் மலையடிவாரம். சண்டைக் காலத்தில் பெடியள் மேலே காட்டுக்குள் நின்றார்கள். கீழே ஊருக்குள் பட்டாளம் வரும், போகும். மேலே நிற்கிறவன் இரவுச் சாப்பாட்டுக்கு இறங்கி வரலாமா இல்லையா என்று எப்படி அறிவது? ஊர்க் கரையில் ஒரு வீட்டுக் கொடியைப் பார்ப்பானாம். வெள்ளைத் துணி காய்ந்தால் பாதையில் ஒருவரும் இல்லை, இறங்கி வா. சிவப்புப் போர்வை காய்ந்தால் அங்கேயே நில். அவ்வளவுதான் பாட்டு. ஒவ்வொரு அடியிலும் அந்த வீட்டுப் பெட்டை ஒரு உடுப்பைத் தோய்த்துப் போடுவாள். சேட்டு, மேசைத்துணி, தலையணை உறை. கடைசி அடியில் வெள்ளைத் துணி காயுது, இறங்கி வா.

"அப்ப மெசின் பாட்டு?" என்று கேட்டேன்.

அவர் பாண் துண்டை வைத்துவிட்டு, "அது இறங்கி வராத ஆக்களுக்கு," என்றார். "அதாலைதான் மெசின் போட்டாப் பிறகு பாடுறனான்."

எனக்கு அப்போது ஒன்று விளங்கியது. ஊரில் நான் கேட்ட பாட்டெல்லாம் போ, போ என்று சொன்ன பாட்டு. இது வா என்று சொல்லுகிற பாட்டு. இரண்டையும் ஒரே பெட்டிக்குள் போட்டு மூடியதுதான் என் பிழை. பயந்த ஆளுக்கு எல்லாச் சத்தமும் ஒரே சத்தம்.

"கடிதம்?" என்று கேட்டேன். வெட்கமில்லாமல் கேட்டேன்.

"திறப்பு விழாவுக்கு இன்னும் பன்ரண்டு நாள் கிடக்கு," என்றார். "சுத்தியலை எடு."

மூன்று சதுரத்தையும் நானே உடைத்தேன். பித்தளைப் பட்டி வளையாமல், பக்கத்துச் சதுரத்தில் கீறல் விழாமல், உளியால் கொத்திக் கொத்தி எடுக்க ஒரு நாள் முழுக்க எடுத்தது. அடுத்த நாள் திரும்பக் கலவை ஊற்றினோம். பலகையில் ஏறினேன். இந்தமுறை சில்வானோ மெசினடிக்குப் போகவில்லை, மேடையில் கதிரை போட்டு இருந்தார். நான் பாடத் தொடங்கினேன். கை தன்பாட்டில் போனது.

இரண்டாம் சதுரத்தில் நிற்கும்போது குசினிக் கதவு திறந்தது. கழகத்தில் சமையலுக்குப் பொறுப்பான அஞ்சலீனா என்கிற அம்மா, கையில் கோப்பித் தட்டத்தோடு வந்தா. எழுபது வயதுக்குக் கிட்ட, நல்ல உயரம், குரலும் உயரம்.

"ஆர் உது பாடுறது? இவ்வளவு மெதுவாய் உடுப்புப் போட்டால் பெடியள் பசியிலை செத்திருப்பாங்கள்," என்றா.

சில்வானோ எழும்பி நின்றார். "என்ரை அக்கா," என்றார் எனக்கு. பிறகு கொஞ்சம் பொறுத்து, "கொடியிலை துணி போட்டதும் இவதான்."

கல்லை எறிய மறந்து நின்றேன். பாட்டுக்குள் இருந்த ஆள் கோப்பித் தட்டத்தோடு முன்னாலே நிற்கிறா. மூன்று வருடம் அவவின் உடுப்புகளை நான் ஒன்றொன்றாகத் தோய்த்துப் போட்டிருக்கிறேன்.

"எறி, எறி, காயப்போகுது," என்றா அவ. "பாட்டுக் கட்டினவன் முழுப்பொய்யன். சிவப்புப் போர்வையே எங்கடை வீட்டிலை இருக்கேல்லை. பச்சை. அதுவும் ஓட்டை. இவன் அந்த நேரம் சின்னன். ஒருநாள் பட்டாளத்து ஒபிசர் வந்து கேட்டான், ஏன் இந்தப் போர்வை எந்த நேரமும் கொடியிலை நிக்குது எண்டு. நான் சொன்னன், என்ன செய்ய ஐயா, என்ரை தம்பி ஒவ்வொரு இரவும் நனைச்சுப்போடுறான் எண்டு."

"அஞ்சலீனா," என்றார் சில்வானோ.

"ஒபிசர் நம்பேல்லை. இவனைக் கூப்பிட்டான். இவன் வந்து நிண்டான், பயத்திலை அந்த இடத்திலையே நனைச்சுப்போட்டான். ஒபிசர் மூக்கைப் பொத்திக்கொண்டு போயிட்டான். மேலை நிண்ட ஆறு பெடியளும் தப்பினது இவன்ரை காற்சட்டையாலை. அதைப் பாட்டிலை போடெண்டு கேட்டனான், கட்டினவன் போடமாட்டன் எண்டுட்டான்."

ஸ்திரி போட்ட சேட்டு, பூட்டின கழுத்துப் பொத்தான், எங்கள் எல்லோரையும் ஒரு தொப்பியால் நடுங்க வைக்கிற மனிதர், காது இரண்டும் சிவந்து மேடையில் நின்றார். நான் சிரிக்கக்கூடாது என்று எவ்வளவு முயன்றும் முடியவில்லை. சிரித்துக்கொண்டே மூன்றாம் சதுரத்தை விதைத்தேன். அவ தட்டத்தை வைத்துவிட்டுக் கூடவே பாடினா, நான் பாடினதைவிட ஒன்றரை மடங்கு வேகத்தில். ஓடி ஓடி எறிந்தேன்.

அரைக்கிற நாள் வரைக்கும் எனக்கு நித்திரை இல்லை. வேகம் கூடிப்போச்சே, கல்லு குறைஞ்சிருக்குமோ, சிரிச்சதிலை கை ஆடியிருக்குமோ. தவம் அண்ணை, "அரைச்சுப் பாத்தாப் பிறகு கவலைப்படும், இப்ப படுத்தால் விடியும்" என்றார். மெசின் ஓடி, தண்ணீரை வழித்துத் தள்ளியபோது சில்வானோ முழங்காலில் இருந்து கையால் தடவிப் பார்த்தார். என் கண் அவரின் தொப்பியில்தான் நின்றது. தொப்பி அசையவில்லை. இரண்டு சதுரம் நல்லாக இருந்தது. மூன்றாவது, அக்கா விரட்டி விரட்டி விதைக்கவைத்த சதுரம், மண்டபத்திலேயே திறமானது.

கடிதம் கிடைத்தது. ஒபிசில் அடித்த வழக்கமான கடிதம்தான். கீழே சில்வானோ தன் கையால் ஒரு வரி சேர்த்திருந்தார். தவம் அண்ணை அதை வாசித்துத் தமிழில் சொன்னார்: "இவர் தன்ரை பிழையைத் தானே உடைச்சுத் திருப்பிப் போடுவார்." பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "நல்ல வரி. பைலுக்குக் கூடாதது ஒண்டும் இல்லை," என்றார்.

பத்மாவும் மகளும் அடுத்த மார்ச்சில் வந்தார்கள். எயர்போட்டுக்குக் கார் ஒழுங்கு பண்ணியிருந்த பெடியன் கடைசி நேரத்தில் வேலையென்று சொல்லிவிட்டான். நான் தலையில் கை வைக்க, சில்வானோ தன் ட்ரக்கோடு வந்தார். அன்று காலை வெளிக்கிட முதல் நான் ஒரு வேலை பார்த்தேன். எங்கள் பில்டிங்கில் பால்கனியில் உடுப்புக் காயப்போடக்கூடாது, சுப்பரின்டென்டன்ட் கண்டால் துண்டு எழுதிப் போடுவார். கனடாவுக்கு வந்த எட்டு வருடத்தில் ஒரு சட்டமும் நான் மீறியதில்லை. வேட்டியைத் தோய்த்து, அவர்களுக்காக எடுத்த ஏழாம் மாடி வீட்டின் பால்கனிக் கம்பியில் விரித்துக் கட்டிவிட்டுப் போனேன்.

திரும்பி வந்து பார்க்கிங்கில் ட்ரக்கை நிற்பாட்டினோம். மகள் என் மடியில் நித்திரை. பத்மா அவ்வளவு பெரிய கட்டிடத்தைக் கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டு, இறங்குவதா விடுவதா என்ற மாதிரி இருந்தா. சில்வானோ அண்ணாந்து பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். என்ன பிழை விட்டேன் என்று நானும் அண்ணாந்து பார்த்தேன். அவர் தொப்பியால் மேலே காட்டி, கடைசி அடியை மெல்லப் பாடினார். மெசின் இல்லை, கலவை இல்லை, வெறும் பாட்டு.

"என்னப்பா சொல்லுறார்?" என்று பத்மா கேட்டா.

"பாதையிலை ஒருத்தரும் இல்லையாம். இறங்கி வரட்டாம்."

பத்மா இறங்கினா.

அடுத்த நாள் காலை கதவுக்குக் கீழே துண்டு கிடந்தது. நான் எதிர்பார்த்ததுதான். எடுத்து வாசித்துவிட்டு பால்கனிக்குப் போனேன். குளிரில் வேட்டி விறைத்துப் பலகை மாதிரி நின்றது. தட்டிப் பார்த்தேன். இன்னும் காயவில்லை. பின்னேரம் வரைக்கும் விட்டு வைத்தேன்.